விழுந்த மரத்துக்கு யார் பொறுப்பு?

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது கொடைக்கானல் மலைச் சாலைகளில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. அது இயற்கைச் சீற்றம். நஷ்டஈட்டு வழக்கு நிற்பது கடினம். புயலே இல்லாமல் விழுந்தால்?

1975இல் குஜராத்தின் ராஜ்கோட்டில், அலுவலகத்துக்கு நடந்து போனவர்மீது சாலையோர மரம் விழுந்தது, இறந்துபோனார். விசாரணை நீதிமன்றம் 45,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. 1997இல் உச்ச நீதிமன்றம் மாநகராட்சி பொறுப்பல்ல என்றுவிட்டது. மரம் விழும் நிலையில் இருந்தது அவர்களுக்கு முன்பே தெரியும் என்பதற்கு ஆதாரமில்லையாம். குடும்பத்துக்கு எப்படியிருந்திருக்கும்!

ஆனால் சூட்சுமமும் அங்கேதான் இருக்கிறது. உங்கள் தெருவில் பட்டை உரிந்து, அடியில் காளான் பூத்த சீகையோ தைலமரமோ சாய்ந்து நிற்கிறதா? போட்டோவோடு நகராட்சிக்கு மனு கொடுங்கள். நெடுஞ்சாலை ஓரமென்றால் நெடுஞ்சாலைத் துறைக்கு. தேதி முத்திரை போட்ட நகலைப் பத்திரப்படுத்துங்கள். அதன்பின் ‘தெரியாது’ என்று எளிதில் சொல்லிவிட முடியாது.