பார்க்கும் கண்ணும் ஓடும் காலும்



லெபோ பந்தாயும் லெபோ சூலியாவும் சந்திக்கும் முனையில் நம் பொம்பா நிலையம் இருக்கிறது. 1908-இல் கட்டியது. அதன் மூலையில் நிற்கும் கோபுரம் அழகுக்கு வைத்தது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். அது காவல் கோபுரம். மேலே நிற்பவர் எந்தத் தெருவில் புகை எழுகிறது என்று பார்ப்பார். கீழே வண்டி தயாராக நிற்கும். பார்ப்பவரும் ஓடுபவரும் ஒரே கூரையின் கீழ். இதைச் சற்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டுக்கும் இப்படிக் கோபுரங்கள் உண்டு. 1910 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஐடஹோ, மொன்டானா பகுதியில் இரண்டே நாளில் சுமார் 30 லட்சம் ஏக்கர் எரிந்தது. குறைந்தது 85 பேர் மாண்டனர். பெரும்பாலோர் தீயை அணைக்கப் போனவர்கள். அதன் பிறகுதான் அங்குள்ள தேசிய வனங்களின் மலையுச்சிகளில் காவல் கோபுரங்கள் பெருகின. 1930-களில் வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டி அரசாங்கமே நூற்றுக்கணக்கில் கட்டியது.

உள்ளே பெரும்பாலும் ஒரே ஆள்தான். நாலு பக்கமும் ஜன்னல். நடுவில் வட்டமான வரைபடம், அதன்மேல் சுழலும் குறிபார்க்கும் கருவி. ஆஸ்போர்ன் என்ற வன அதிகாரி உருவாக்கியது. புகை தெரியும் திசையை டிகிரியில் படித்துத் தொலைபேசியில் சொல்வார். வேறொரு கோபுரத்தில் இருப்பவரும் தமக்குத் தெரியும் திசையைச் சொல்வார். இரண்டு கோடும் எங்கே வெட்டுகின்றனவோ, அங்கேதான் தீ. மின்னல் நேரத்தில் கால்களுக்குக் கண்ணாடி பொருத்திய சின்ன ஸ்டூல்மேல் ஏறிக்கொள்வாராம், பாவம்! அந்தத் தொலைபேசிக் கம்பியும் மறுமுனையில் ஆட்களும் இல்லாவிட்டால் கோபுரம் வெறும் மரக்கூடுதான்.

எனக்கு முன் பேசிய நண்பர், “செயற்கைக்கோள் இருக்க ஆள் எதற்கு?” என்றார். பாதி உண்மை. விமானமும் செயற்கைக்கோளும் வந்தபின் பல கோபுரங்கள் மூடப்பட்டன. சிங்கப்பூரில் உள்ள ஆசியான் வானிலை மையம் சுமத்ரா, கலிமந்தான் வெப்பப் புள்ளிகளை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. மேகம் மறைத்தால் சில தப்பும். மக்கிய இலைதழை படிந்த கரிமண் பூமிக்கடியில் கனன்றால் இன்னும் கடினம். இருந்தாலும் கண்ணுக்குக் குறையில்லை. கால் எங்கே?

புகைமூட்ட ஒப்பந்தம் 2002-இல் நம் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் அவசரகாலம் அறிவித்தார்கள். இந்தோனேசியா அந்த ஒப்பந்தத்தை அங்கீகரித்தது 2014-இல்! 2019 செப்டம்பரில் பினாங்கிலும் பள்ளிகளை மூடினார்கள். என் வீட்டு மாடியிலிருந்து தினமும் தெரியும் பாலம் அன்று தெரியவில்லை.

1935-இல் அமெரிக்க வனத்துறை ஒரு விதி போட்டது: தீ தெரிந்தால் மறுநாள் காலை 10 மணிக்குள் கட்டுக்குள் வர வேண்டும். சிறு தீ சில காடுகளுக்கு நல்லது என்று உணர்ந்து 1970-களில் அதைக் கைவிட்டார்கள். ஆனால் நம் வட்டாரச் சதுப்புக் காடு அப்படிப்பட்டதல்ல. அங்கே வடிகால் வெட்டித் தீயை வைப்பவன் மனிதன். ஆகவே அதிகாரிகளிடம் இன்று எத்தனை புள்ளி என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். புள்ளி விழுந்து எத்தனை மணி நேரத்தில் ஆள் போனார் என்றும் கேளுங்கள்.