கோட்டை நிழலில் உட்கார்ந்திருந்தும்...

(தரங்கம்பாடியில் இளைஞர்கள், வணிகர்கள் முன் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

நேர்முகத் தேர்வுக்குப் போய் வந்த நம் ஊர்த் தம்பி ஒருவரிடம், "என்ன கேட்டார்கள்?" என்று விசாரித்தேன். "படிச்சதுல ஒண்ணும் கேட்கல ஹஜ்ரத். உங்க ஊர் கோட்டையைக் கட்டியது யார்னு கேட்டாங்க. வெள்ளைக்காரன்னு சொன்னேன். எந்த வெள்ளைக்காரன்னாங்க. முழிச்சேன்" என்றார். பிறகு, "நம்ம பேரைப் பார்த்ததுமே முடிவு பண்ணிட்டாங்க ஹஜ்ரத்" என்று முடித்தார்.

பெயரைப் பார்த்து ஒதுக்குபவர்கள் நாட்டில் இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த அநீதியைத் தட்டிக் கேட்க மேடையும் இருக்கிறது, நீதிமன்றமும் இருக்கிறது. ஆனால் சிந்தித்துப் பாருங்கள்! இந்தத் தம்பியைத் தோற்கடித்தது பெயரா, கோட்டையா? தினமும் மாலையில் அதன் எதிரே கடற்கரையில்தானே உட்கார்ந்து பேசுகிறோம்?

தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை அது. 1845-ல் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். 1706-ல் இங்கே வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சகம் அமைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 2004 டிசம்பர் 26-ல் சுனாமி இந்தக் கரையைத் தாக்கியது. 2020-ல் மயிலாடுதுறை மாவட்டம் உருவானபோது நாகை மாவட்டத்திலிருந்து பிரிந்து அதில் சேர்ந்தோம். இவ்வளவுதான், ஐந்து நிமிடப் பாடம்!

ஏன் இதைக் கேட்கிறார்கள்? நீங்கள்தான் விண்ணப்பத்தில் ஊரை எழுதிக் கொடுத்தீர்கள்! அதில் எழுதும் ஒவ்வொரு வரியும் ஒரு கேள்வி. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் படிப்பது' என்று எழுதினால், கடைசியாகப் படித்த புத்தகம் எது என்பார்கள். ஆகவே விண்ணப்பத்தின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, வரிக்கு வரி நீங்களே கேள்வி போட்டுப் பதில் எழுதிப் பாருங்கள்.

ஐ.ஏ.எஸ். தேர்வில் மொத்த மதிப்பெண் 2025. அதில் 275 நேர்முகத் தேர்வுக்கு. அதற்கு ஆளுமைத் தேர்வு என்றே பெயர். படிப்பை எழுத்துத் தேர்விலேயே அளந்துவிட்டார்கள். இப்போது ஆளைப் பார்க்கிறார்கள். தெரியாததைத் 'தெரியவில்லை ஐயா' என்று சொல்லத் தெரிகிறதா என்றும் பார்க்கிறார்கள். உளறிச் சமாளிப்பவரை இரண்டாவது கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள்.

தமிழ்நாட்டில் 2007 முதல் நமக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அது வாசல் வரை கொண்டு போய் விடும். உள்ளே போய்ப் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.

சபர் போக நினைக்கும் தம்பிகளே! வெல்டர் என்று எழுதிக் கொடுத்தால் டிரேடு டெஸ்டில் வெல்டிங் வைக்கச் சொல்வார்கள். கையைப் பழக்கிக்கொண்டு போங்கள். நீங்களும் கேள்வி கேளுங்கள்: என்ன வேலை, எத்தனை மணி நேரம், சம்பளம் எவ்வளவு, சாப்பாடு யார் பொறுப்பு? வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காமல் பணத்தை மட்டும் கேட்கும் ஏஜெண்டிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது என்பது சட்டம்.

சென்னையில் காலை பத்து மணிக்குத் தேர்வென்றால், அன்று விடியற்காலையில் பஸ் ஏறாதீர்கள். ஆறேழு மணி நேரப் பயணம். முந்தின நாளே போய்ச் சேருங்கள். அசல் சான்றிதழ்கள், நகல்கள், புகைப்படம் எல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.

கடை வைத்திருக்கும் பெரியவர்களே! வேலை கேட்டு வரும் பையனை இரண்டு நிமிடத்தில் எடை போட்டுவிடுகிறீர்களே, அந்த அனுபவத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாதா? தேர்வு அழைப்பு வந்த தம்பியை மூன்று இரவு, கடை அடைத்த பிறகு எதிரே உட்கார வையுங்கள். வங்கியில் இருப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியர் என இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கேள்வி கேளுங்கள், மடக்குங்கள். முதல் நாள் அவனுக்கு வியர்க்கும். மூன்றாம் நாள் நிமிர்ந்து பதில் சொல்வான்.

செலவு மூன்று கோப்பை டீ. அதைக்கூடச் செய்யாமல், "எங்களை ஒதுக்குகிறார்கள்" என்று மேடையில் மட்டும் முழங்கினால், நம் குரலுக்கு என்ன மதிப்பு இருக்கும்?

அந்தத் தம்பிக்கு அடுத்த அழைப்பு வரும். அவரை இந்த முறை யார் உட்கார வைத்துக் கேள்வி கேட்கப் போகிறீர்கள்?