ஒரு நாள் கூட வந்த அக்கா



பன்னிரண்டாவது முடித்தபோது எனக்கு வீடு இல்லை. அம்மா இறந்தபின் நகராட்சியின் வீடற்றோர் காப்பகத்தில்தான் படுக்கை. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததால், கல்லூரியில் சேர்ந்தா புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும்னு சொன்னாங்க. ஆனா ஆதாரில் இருந்தது பழைய வாடகை வீட்டு விலாசம். செல் நம்பர் அம்மாவோடது. ஓடிபி யாருக்குப் போகும்? படிப்பே வேண்டாம்னு இருந்துட்டேன்.

உங்க குழு ஊக்குநர் அக்காதான் ஆதார் மையத்துக்குக் கூட்டிப்போனாங்க. நம்பர் மாற்ற எந்தத் தாளும் வேண்டாம், கைரேகை போதும். விலாசத்துக்குக் காப்பகப் பொறுப்பாளர் சான்று கொடுத்தார். வங்கிக் கணக்கோடு ஆதாரை இணைத்தோம். விண்ணப்பத்தைக் கல்லூரியிலேயே பதிவு செய்தாங்க.

இப்போ மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்க தெருவிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கும். காசு கொடுக்க வேண்டாம். ஒரு நாள் கூடப் போங்க.