மடிநோயும் விழுங்கும் அணுக்களும்



கறவை மாட்டுக்கு மடிநோய் கண்டால் பால் திரிந்து, கட்டி கட்டியாக வருகிறது. அக்கட்டிகளில் கிருமியுடன் போராடி மடிந்த வெள்ளணுக்கள் ஏராளம்.

காம்புத் துளை வழியே கிருமி நுழைந்ததும், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் மடிக்கு விரைகின்றன. கிருமியைச் சுற்றி வளைத்து விழுங்கி, தமக்குள் ஒரு பையில் அடைத்து, நொதிகளால் சிதைக்கின்றன. பின் தாமும் மடிகின்றன. மடிந்தவற்றை வேறொரு வகைப் பெரிய வெள்ளணுக்கள் விழுங்கி அப்புறப்படுத்துகின்றன. இது தவறினால், மடிந்த அணுக்களிலிருந்து கசியும் நொதிகள் பால் சுரக்கும் திசுவையே அரித்துவிடும்.

அணுக்கள் இவ்வாறு விழுங்கிக் காப்பதை 1882-இல் மெச்னிக்காஃப் என்ற அறிஞர் இத்தாலியில் நட்சத்திர மீன் குஞ்சுகளில் கண்டார். 1908-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆனால் மடிக்குள் இவ்வணுக்கள் பாலிலுள்ள கொழுப்புத் துளிகளையும் கேசீன் புரதத்தையும் சேர்த்தே விழுங்குகின்றன. அதனால் கிருமியைக் கொல்லும் வீரியம் அங்கே குறைகிறது. ஆகவே கிருமி நுழையாமல் காப்பதே மேல்.

கறந்தபின் காம்புத் துளை மூட அரை மணிக்கு மேலாகும். அதுவரை மாடு படுக்காதபடி தீவனம் போடுங்கள். காம்புகளை அதற்குரிய அயோடின் கரைசலில் நனையுங்கள். தினமும் முதல் பாலைக் கறுப்புத் துணியில் பீச்சிப் பாருங்கள். திரிதல் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நாள் கடத்தினால் அந்தக் காம்பே வற்றிப்போகலாம். சிகிச்சை முடிந்தும் அவர் சொல்லும் நாள்வரை பாலை விற்காதீர்கள்.