கேட்கும் சபையும் தீர்மானிக்கும் சபையும்



“நாடாளுமன்றத்தில் காலநிலையும் மின்சாரமும்” என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. நாடாளுமன்றத்தில் அனல் பறக்கும் விவாதம் என்று அடிக்கடி பத்திரிகையில் வருகிறதே, புவி வெப்பமாவதற்கு அதுவும் ஒரு காரணமா என்று வாசலில் ஒரு நண்பர் கேட்டார். அந்த அனல் எதற்கெல்லாம் பறக்கிறது, எதற்குப் பறப்பதில்லை என்பதைத்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

இதைப் பேசப் பெங்களூரை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. 1902இல் காவிரி விழுகிற சிவசமுத்திரத்தில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. மைசூர்த் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிட்டது. அந்த மின்சாரம் முதலில் எங்கே போனது? சிவசமுத்திரத்தைச் சுற்றியிருந்த கிராமங்களுக்கா? இல்லை. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து, கோலார் தங்கவயலுக்குக் கொண்டு போனார்கள். சுரங்கம் நடத்தியது ஆங்கிலேயக் கம்பெனி. சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த நம் தமிழ் மக்கள். இங்கே அமர்ந்திருப்பவர்களில் சிலருடைய பாட்டனார் அங்கே இறங்கி ஏறியவராக இருப்பார். பெங்களூர்த் தெருக்களுக்கு மின்விளக்கு வந்தது அதற்குப் பிறகு, 1905இல்தான்.

மின்சாரம் யாருக்குப் போக வேண்டும், அதற்கு யாருடைய ஆறு, யாருடைய உழைப்பு என்ற கேள்வி இந்த மண்ணில் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டது. அதைக் கேட்க அன்று ஒரு சபையும் இருந்தது. 1881இல் திவான் ரங்காச்சார்லு தொடங்கி வைத்த மைசூர்ப் பிரஜா பிரதிநிதி சபை. சமஸ்தானங்களிலேயே முன்னோடி என்று அதைப் பெருமையாகச் சொல்வார்கள், பெருமைதான். ஆனால் அந்தச் சபையின் அதிகாரம் என்ன? உறுப்பினர்கள் வருவார்கள், குறைகளைச் சொல்வார்கள், திவான் பதில் சொல்வார், கலைந்து போவார்கள். கேட்கலாம், தீர்மானிக்க முடியாது. தொடக்கத்தில் அதன் நிலை அதுதான்.

சுதந்திரம் பெற்றோம். தீர்மானிக்கும் சபை ஒன்றை நமக்கு நாமே அமைத்துக்கொண்டோம். காலநிலை என்ற விஷயம் வரும்போது மட்டும் அந்தச் சபை 1881க்குத் திரும்பிப் போய்விடுகிறது என்பதுதான் இன்று நான் வைக்கிற குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு எந்த ஒரு கட்சியின் மீதும் இல்லை. ஆண்டவர்கள், ஆள்கிறவர்கள், ஆளப்போகிறவர்கள் எல்லோருக்கும் இதில் பங்குண்டு. வாக்களித்த நமக்கும் உண்டு.

முதலில் கேள்வி நேரத்தை எடுத்துக்கொள்வோம். மக்களவையில் ஒரு நாளைக்கு இருபது நட்சத்திரக் கேள்விகள். அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும், துணைக்கேள்வியும் கேட்கலாம். அவை தவிர 230 கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும். இத்தனை கேள்விகளில் காலநிலை எங்கே இருக்கிறது? இதை எண்ணிப் பார்த்தவர்கள் நம்முடைய ஊர்க்காரர்கள்தான், பெங்களூர் அஸிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். 1999 முதல் 2019 வரை இருபது ஆண்டுகள். காலநிலை மாற்றத்தைப் பற்றிக் கேட்கப்பட்ட கேள்விகள் 895. மொத்தக் கேள்விகளில் இது 0.3 விழுக்காடு. ஆயிரம் கேள்வி கேட்டால் மூன்று கேள்வி!

அந்த மூன்றிலும் என்ன கேட்டார்கள்? பாதிப்பு என்ன, புகையைக் குறைக்க என்ன செய்கிறீர்கள் என்பவைதான் மிகுதி. வந்துவிட்ட வெயிலோடும் வெள்ளத்தோடும் மக்கள் எப்படி வாழ்வது, அதற்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விகள் நூற்றுக்கு நான்கு அளவில்தான். 2022 செப்டம்பரில் பெல்லந்தூரிலும் வெளிவட்டச் சாலையிலும் கணினிப் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி வேலைக்குப் போனார்கள். 2024 மார்ச்சில் இதே பெங்களூர் தண்ணீர் லாரிக்காகத் தெருவில் காத்துக் கிடந்தது. ஏரியைத் தூர்த்தது நம் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மழை ஓர் ஆண்டு கொட்டுவதும் ஓர் ஆண்டு கைவிடுவதும் இனிமேல் இப்படித்தான் என்றால், அந்த நூற்றுக்கு நான்கு போதுமா?

சரி, விவாதமே நடக்கவில்லையா? நடந்தது. 2021 டிசம்பரில் மக்களவையில் காலநிலை மாற்றம் பற்றி ஒரு விவாதம். தொடங்கி வைத்தவர் தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி. எல்லாக் கட்சியினரும் பேசினார்கள். கடலோரத்துக்காரர் கடலைப் பற்றிச் சொன்னார், மலைநாட்டுக்காரர் மலையைப் பற்றிச் சொன்னார். ஆனால் அது விதி 193இன் கீழ் நடந்த விவாதம். அந்த விதியில் தீர்மானம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. நமக்குப் பழகிய பாஷையில் சொன்னால், நடுவர் தீர்ப்புச் சொல்லாத பட்டிமன்றம். இரண்டு அணியும் நன்றாகப் பேசும், கைதட்டுவோம், வீட்டுக்குப் போவோம். யார் பக்கம் நியாயம் என்று எங்கும் பதிவாகாது.

அப்படியானால் முடிவுகள் எங்கே எடுக்கப்படுகின்றன? 2016 அக்டோபர் 2, காந்தி பிறந்த நாளில், பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்துக்கு இந்தியா ஒப்புதல் தந்தது. ஒப்புதல் தந்தது அமைச்சரவை. 2021 நவம்பர் 1 அன்று பிரதமர் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் எழுந்து, 2070இல் நிகர பூஜ்ஜிய உமிழ்வு, 2030க்குள் புதைபடிவமற்ற மின்திறன் 500 ஜிகாவாட் என்று அறிவித்தார். பிரம்மாண்டமான உறுதிமொழிகள். ஐம்பது ஆண்டுக்கு நாட்டைக் கட்டிப்போடும் உறுதிமொழி முதலில் ஒலித்தது ஸ்காட்லாந்தில், டெல்லியில் இல்லை. இதில் சட்டமீறல் எதுவும் கிடையாது. சர்வதேச ஒப்பந்தம் செய்வது நிர்வாகத்தின் அதிகாரம். நாடாளுமன்றத்தின் முன்அனுமதி வேண்டும் என்று நம் அரசியல் சாசனம் கேட்கவில்லை. எல்லா அரசுகளும் இப்படித்தான் செய்திருக்கின்றன. சட்டப்படி சரி என்பதற்காகச் சபைக்குச் சொல்ல வேண்டியதே இல்லை என்றாகிவிடுமா?

வாக்கெடுப்பு நடக்கும் இடம் ஒன்று உண்டு. அது மின்சாரம். 2022 ஆகஸ்ட் 8ஆம் தேதியைக் கொஞ்சம் பாருங்கள். அன்று மக்களவைக்கு மின்சாரச் சட்டத் திருத்த மசோதா வந்தது. உழவனின் இலவச மின்சாரத்துக்கு ஆபத்து, மாநில உரிமைக்கு ஆபத்து என்று எதிர்க்கட்சிகள் கொந்தளித்தன. மசோதா விரிவான ஆய்வுக்காக நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. அதே நாளில் இன்னொரு மசோதா நிறைவேறியது, எரிசக்திச் சேமிப்புத் திருத்த மசோதா. இந்தியாவில் கார்பன் சந்தைக்கு வழி திறந்த மசோதா அது. கரியமில வாயுவுக்கு விலை வைத்து விற்கவும் வாங்கவும் வகை செய்கிற, தலைமுறைக்கு ஒருமுறை வரும் மாற்றம். அறிமுகமானது ஆகஸ்ட் 3. மக்களவையில் நிறைவேறியது ஆகஸ்ட் 8. டிசம்பரில் மாநிலங்களவையும் முடித்துவிட்டது. நிலைக்குழுவின் வாசலை அது மிதிக்கவே இல்லை.

பம்புசெட்டைத் தொட்டால் சபை விழித்துக்கொள்கிறது. வானத்தைத் தொட்டால் சபைக்குத் தெரிவதில்லை. பம்புசெட்டுக்குப் பின்னால் வாக்கு இருக்கிறது. வானத்துக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

இந்தியா ஏழை நாடு, நம் தலைக்கு வருகிற புகை உலகச் சராசரியில் பாதிகூட இல்லை, இருநூறு ஆண்டு புகைவிட்டவர்கள் முதலில் நிறுத்தட்டும் என்று அரசுத் தரப்பில் சொல்வார்கள். எதிர்த்தரப்பும் இதையே சொல்லும். நானும் சொல்வேன், அதில் நியாயம் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. வெளிநாட்டானிடம் வாதாட இந்த நியாயம் போதும். நாட்டுக்குள்ளே யாருடைய நிலம் போகிறது, யாருடைய வேலை போகிறது, யார் வீட்டுக் கூரை பறக்கிறது என்று கேட்கும்போது இது பதிலாகாது. இரண்டு தரப்பும் ஒத்துப்போன இடத்தில் விவாதம் படுத்துவிட்டது.

பாவகடாவுக்குப் போயிருக்கிறீர்களா? தும்கூர் மாவட்டம், மழை மறைவுப் பூமி. அங்கே சுமார் 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரியமின் பூங்கா. நிலத்தைப் பிடுங்கவில்லை, குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்று தொடங்கி ஏறிக்கொண்டு போகும். நல்ல ஏற்பாடு. பத்து ஏக்கர் வைத்திருந்தவர் நிம்மதியாக இருக்கிறார். அந்தப் பத்து ஏக்கரில் களை பறித்துக் கூலி வாங்கிய பெண்ணுக்குக் குத்தகை உண்டா? ஆடு மேய்த்தவருக்கு? நிலமில்லாதவருக்குக் காகிதமும் இல்லை, பணமும் இல்லை. சூரியமின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும், இன்னும் நிறைய வேண்டும். நாட்டின் மின்நிலையத் திறனில் பாதி புதைபடிவமற்றது என்ற நிலையை 2025இல் எட்டிவிட்டோம். பெருமைப்படலாம். ஆனால் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. மிச்சத் தூரத்தைக் கடக்கும்போது பாவகடாக் கூலிப் பெண்ணும் ஜார்க்கண்ட் சுரங்கத் தொழிலாளியும் எங்கே நிற்பார்கள்? இதைக் கேட்கத்தானே உறுப்பினரை அனுப்பினோம்?

சபை நினைத்தால் நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒரு கதை சொல்கிறேன், நடந்த கதை. 2023 ஏப்ரல். காவிரி டெல்டாவிலும் அதையொட்டியும் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே என்று மூன்று பழுப்பு நிலக்கரித் தொகுதிகள் மத்திய அரசின் ஏலப் பட்டியலில் இருப்பது தெரியவந்தது. டெல்டா, 2020இலேயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்ட பூமி. ஏப்ரல் 5 அன்று தமிழகச் சட்டமன்றம் கையிலெடுத்தது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பாராமல் ஒரே குரலில் எதிர்த்தார்கள். ஏப்ரல் 8 அன்று மூன்றும் ஏலத்திலிருந்து விடுவிக்கப்பட்டன. அறிவித்தவர் அன்றைய நிலக்கரித் துறை அமைச்சர், நம் தார்வாட் உறுப்பினர் பிரகலாத் ஜோஷி. மூன்றே நாள்! பின்னர் அவரே புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கும் அமைச்சரானார். சபை கட்சி மறந்து எழுந்தால் நிலக்கரியும் வழிவிடும்.

வள்ளுவரிடம் ஒரு வரிசை இருக்கிறது. கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே மழைக்கு. அரசனுக்கு வரும் அதிகாரம், இறைமாட்சி, முப்பத்தொன்பதாவது. மழை இரண்டாவது, மன்னன் முப்பத்தொன்பதாவது. நம் சபைகளின் அலுவல் பட்டியல் இதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறது.

சபை பேசாதபோது நீதிமன்றம் பேசுகிறது. 2024 மார்ச் 21 அன்று, கானமயில் பறவையைக் காக்கக் கோரிய வழக்கில், காலநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து விடுபட்டிருப்பது குடிமகனின் உரிமை என்று உச்ச நீதிமன்றம் அங்கீகரித்தது. காலநிலைக்கென்று ஒரு தனிச் சட்டம் இந்தியாவில் இல்லை என்பதையும் அதே தீர்ப்பு குறிப்பிட்டது. உரிமை இருக்கிறது, சட்டம் இல்லை. அசாம் உறுப்பினர் பிரத்யுத் போர்தோலாய் காலநிலையால் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2022இல் தனிநபர் மசோதா கொண்டு வந்தார். 1970க்குப் பிறகு தனிநபர் மசோதா ஒன்றுகூடச் சட்டமானதில்லை என்பது அவருக்கும் தெரியும். தெரிந்தும் கொண்டு வந்தார் பாருங்கள், அவரை வணங்குகிறேன்.

நாம் என்ன செய்வது? பிரிட்டனில் 2008இலேயே காலநிலைச் சட்டம் போட்டார்கள். ஒரு சுயேச்சைக் குழு ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கும். அரசு அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும். அதே மாதிரி நமக்கும் வேண்டும். கிளாஸ்கோவில் சொன்னது என்ன, ஆனது என்ன, மிச்சம் என்ன என்று ஆண்டுக்கு ஒருமுறை டெல்லியில் கணக்கு வைக்க வேண்டும், அதன் மீது வாக்கெடுப்பு நடக்க வேண்டும். கார்பன் சந்தை போன்ற மசோதா வந்தால் நிலைக்குழுவுக்குப் போயே ஆக வேண்டும்.

இதற்கெல்லாம் காலம் ஆகலாம். நாளைக் காலையே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. கர்நாடகத்துக்கு இருபத்தெட்டு மக்களவை உறுப்பினர்கள். ஒரு கேள்வியை அவர்கள் பதினைந்து நாள் முன்னால் எழுதிக் கொடுத்தால் போதும். அந்தக் கேள்வியை நீங்கள் எழுதிக் கொடுங்கள். தமிழிலோ கன்னடத்திலோ எழுதுங்கள். என் தொகுதியில் வெள்ளம் வடிய எவ்வளவு ஒதுக்கினீர்கள், வெயிலில் கட்டட வேலை செய்கிறவருக்கு என்ன பாதுகாப்பு என்று கேளுங்கள். பதில் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் வரும், எடுத்துப் படியுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் மறுபடி எழுதுங்கள். கேள்வியையே எழுப்பாத உறுப்பினர் அடுத்த முறை கைகூப்பிக்கொண்டு தெருவுக்கு வரும்போது, சாலை போட்டாயா, சாக்கடை கட்டினாயா என்று கேட்கிற அதே உரிமையோடு, “காலநிலையைப் பற்றி எத்தனை கேள்வி கேட்டீர்கள் ஐயா?” என்று கேளுங்கள். வானத்துக்குப் பின்னால் வாக்கு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்த நாளில், கேட்கும் சபை தீர்மானிக்கும் சபையாகும்.