மானம் யாருடையது?

(குன்னூரிற் கூடிய நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குலமானம் காத்தல் என்பது நம்மவர் அடிக்கடி எடுத்தாளும் சொல். அம்மானம் யாருடையது என்பதை இன்று ஆராயப் புகுகின்றோம்.

சில்லாண்டுகட்கு முன் இம்மலைத் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்துவந்த நம்மினத்துப் பெண்ணொருத்திக்கு மேஸ்திரி ஒருவன் பெருங்கொடுமை இழைத்தான். பெரியோர் கூடினர், குடிப்பெயர் கெடுமென அஞ்சிச் சிறிது பணம் வாங்கித் தந்து வழக்கை அடக்கினர். அவ்வவையில் நாமும் இருந்தோம், வாய் திறந்திலோம். அவள் மலையை விட்டு இறங்கிப் போயினாள்; அவனோ தோட்டத்திலேயே தலைநிமிர்ந்து திரிந்தான். ஆங்குக் காக்கப்பட்டது யாருடைய மானம்?

தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையடியில் வாச்சாத்தி என்னும் சிற்றூர் உளது. 1992 ஜூன் 20 ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரைச் சூறையாடினர். பெண்டிர் 18 பேர் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். செல்வமும் செல்வாக்கும் இல்லா அவர்கள் வாய்மையைக் கைவிட்டிலர். மலைவாழ் மக்கள் சங்கம் அவர்க்குத் துணைநின்றது. 2011 செப்டம்பர் 29 இல் தருமபுரி நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் இடையில் இறந்த 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்ப்பளித்தது. 2023 இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை உறுதிசெய்து, அப்பெண்டிர்க்குத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. இடையிற் கழிந்தவை 31 ஆண்டுகள்! ஆங்கொரு சங்கம் பெண்டிர்க்குக் குரலாயிற்று. ஈங்கு நாமோ ஒருத்தியின் குரலை அடைத்தோம்.

பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகியைப் போற்றும் நாம், நம் வீட்டுப் பெண் வழக்குரைக்க எழுந்தால் நாணுவது முறையோ? நாணவேண்டியவன் கொடுமை செய்தவனே.

ஆதலின் மூன்று வேண்டுகின்றோம். ஒன்று, இத்தகைய குற்றங்களை ஊர்க்கூட்டத்திற் பேசி முடித்தல் இனி ஒழிக. பதினெட்டு வயது நிரம்பாதார்க்கு இழைத்த கொடுமையை அறிந்தும் காவல்துறைக்கு அறிவியாமை 2012 ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். இரண்டு, காவல் நிலையத்திற்கும் நீதிமன்றத்திற்கும் அவளுடன் செல்ல நம் பெண்மக்களிற் சிலர் முன்வருக. 181 என்னும் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு வீட்டாரும் அறிக. அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் அவளுக்குக் கட்டணமின்றி மருத்துவம் செய்தல் கடமை. அவள் பெயரை வெளியிடுதல் குற்றம். மூன்று, கொடுமை செய்தவன் நம் உறவினனே ஆயினும் இச்சங்கம் அவனுக்குப் பரிந்து பேசாதொழிக.

அன்று வாய்மூடி இருந்த குற்றத்தை இவ்வவையின்முன் ஒப்புக்கொள்கின்றோம். இனியொரு பெண் தனித்து மலையிறங்கிச் செல்லாவண்ணம் காப்பதே நம் மானம் எனக் கூறி அமைகின்றோம்.