எஃகின்மேல் ஓடும் கொடி
(ஆலைத் தொழிலாளர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



கடப்பாரை, மண்வெட்டி, ஆலையின் பல்சக்கரம். எஃகு என்றால் நமக்கு இவைதான் நினைவுக்கு வரும். அதே எஃகின்மேல் இலையும் கொடியும் ஓடவிடும் கைத்தொழில் ஒன்று உண்டு. "அதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும், பரம்பரையில் வரவேண்டும்" என்று சொல்லி நம்மைத் தூர நிறுத்துவார்கள். அந்தப் பேச்சுக்குப் பதில் ஸ்பெயின் நாட்டில் எய்பார் என்ற ஊரில் இருக்கிறது.

எய்பார் பாஸ்க் மக்களின் ஊர். இரு பக்கமும் மலை. நடுவே இடுங்கிய பள்ளத்தாக்கு. பல நூற்றாண்டுகளாக அங்கே துப்பாக்கித் தொழில் நடந்தது. துப்பாக்கியை அழகுபடுத்த உளிக்காரர்கள் தேவைப்பட்டார்கள்.

வேலையைச் சொல்கிறேன். எஃகைக் காய்ச்சி, மெள்ள ஆறவிட்டு, மிருதுவாக்கி வைஸில் இறுக்குவார்கள். உளி அதைவிடக் கடினமாக இருக்கவேண்டும். ஒரு கையில் சின்னச் சுத்தி, மறு கையில் உளி. தட்டத் தட்ட எஃகு நூல்போலச் சுருண்டு எழும். புதிதாகக் கற்பவனுக்கு எடுத்த எடுப்பில் பூவும் கிடையாது, கொடியும் கிடையாது. நேர்கோடு! அதன் பக்கத்தில் இன்னொரு நேர்கோடு! ஆழம் ஒரே சீராக வரும்வரை இதேதான். பிறகுதான் வளைவு. வளைவில் மணிக்கட்டை முறுக்கினால் உளி நழுவும். ஆளே வைஸைச் சுற்றி நடக்கவேண்டும். நழுவி விழுந்த கீறலை அழிக்க ரப்பர் இல்லை.

பாதி வித்தை சாணையில் இருக்கிறது. உளிமுனையைக் கட்டைவிரல் நகத்தின்மேல் லேசாக வைத்துப் பாருங்கள். நகத்தைப் பற்றினால் கூர். வழுக்கினால் மறுபடியும் சாணைக்குப் போகவேண்டும். மழுங்கிய உளியோடு மல்லுக்கு நிற்பவன்தான் "எனக்கு வராது" என்கிறான். அரிவாள் பிடித்த தோழர்களுக்கு இதை நான் விளக்கவேண்டுமா?

தங்கம் பதிப்பது இன்னொரு முறை. எஃகின் முகத்தைக் கத்தியால் குறுக்கும் நெடுக்குமாக மிக நெருக்கமாகக் கீறுவார்கள். அந்தச் சொரசொரப்பில் தங்க இழையை வைத்துத் தட்டினால் பிடித்துக்கொள்ளும். பின்னர் காரக் கரைசலில் காய்ச்சினால் எஃகு கறுக்கும், தங்கம் மின்னும். நம் நாட்டில் உதயப்பூர்க் கைவினைஞர்கள் செய்யும் கோஃப்த்கரி வேலையும் இந்த இனம்தான். எய்பாரில் இதை உயர்த்தியவர் பிளாசிதோ சுலோவாகா (1834–1910). தளபதி பிரிமின் கல்லறைச் சின்னத்தை 1875-ல் முடித்தது அவர் பட்டறை. உழைத்த கைகள் பல. நின்ற பெயர் ஒன்று.

பட்டறையில் மேஸ்திரி காட்டியதுதான் பாடம், காட்டாவிட்டால் பாடமில்லை. 1913-ல் எய்பாரில் ஆயுதத் தொழிற்பள்ளி திறந்தது. உழைப்பாளி வீட்டுப் பிள்ளை வரைபடமும் உலோக வேலையும் முறையாகக் கற்க ஒரு வாசல் கிடைத்தது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான்.

1920-ல் சங்கத் தொழிலாளர்கள் தங்களுடைய கூட்டுறவு ஆலை ஒன்றை நிறுவினார்கள். பெயர் அல்ஃபா. முதலில் துப்பாக்கி செய்தார்கள். அந்தத் தொழில் சரிந்தபோது கைகட்டி உட்காரவில்லை. 1925 முதல் தையல் இயந்திரம் செய்தார்கள்! நுணுக்கம் பழகிய கைக்குப் பொருள் மாறினால் என்ன? 1931 ஏப்ரல் 14 விடியற்காலையில், தலைநகர் மாட்ரிடுக்கும் முன்னதாகக் குடியரசுக் கொடியை ஏற்றியதும் இந்த ஊர்தான். 1937 ஏப்ரலில் பிராங்கோ தரப்பின் விமானங்கள் ஊரைக் குண்டுவீசி நொறுக்கின. கூட்டுறவையும் பிராங்கோ ஆட்சி விட்டுவைக்கவில்லை. ஆனால் தொழிற்பள்ளி பிழைத்தது, இன்றும் நடக்கிறது.

முயன்று பார்க்க விரும்பும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தேய்ந்துபோன பழைய அரம் நல்ல உளியாகும். சாணை பிடிக்கும்போது முனையில் நீலம் பாயவிடாதீர்கள். தண்ணீரில் நனைத்து நனைத்துத் தேயுங்கள். சில்லு தெறிக்கும், கண்ணாடி போடாமல் குனியக்கூடாது. உள்ளங்கையளவு மிருதுவான இரும்புத் தகடு போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரும்போது அதில் இருபது நேர்கோடு போட்டுக் கொண்டுவாருங்கள். வளைவை அப்புறம் பார்ப்போம்.